ஒரே சனலில் எல்லாச் சாமியும்

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கலியாணம் சரிவந்தது பெரிய சந்தோசம். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் நோ, குளிர் தொடங்கினால் வெளியே இறங்க மாட்டா.

உங்கள் கோயிலில் இணைய வானொலி தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். வாசித்ததும் இங்குள்ள விஷன் ரீவிதான் ஞாபகம் வந்தது. ரொறன்ரோவிலிருந்து வரும் பல்மதத் தொலைக்காட்சிச் சனல்.

அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இன்று யெகோவாவின் சாட்சிகள் என்று சொல்கிறோமே, அவர்கள் 1920களில் கனடாவில் சில நகரங்களில் வானொலி நடத்தினார்கள். மற்றச் சபைகளைத் தாக்கிப் பேசுகிறார்கள் என்று முறைப்பாடு போய், 1928இல் அரசு உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. நாடே கொந்தளித்தது. அந்த வருடமே வானொலியை எப்படி நடத்துவது என்று ஆராய ஓர் ஆணைக்குழு வைத்தார்கள், அதன் வழியாகத்தான் பொது ஒலிபரப்பே இங்கே வந்தது. அதற்குப் பிறகு வெகுகாலம் ஒரு மதத்துக்கென்று தனி உரிமம் கொடுக்கத் தயங்கினார்கள். 1983இல் கனடாவின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம், எல்லா மதத்தவரும் சேர்ந்து வாருங்கள், பார்க்கலாம் என்றது. 1987இல் உரிமம். 1988 செப்டம்பர் 1 அன்று சனல் தொடங்கியது.

நேரத்தை மதக் குழுக்களுக்கு விற்று, அந்தக் காசில் சொந்த நிகழ்ச்சியும் தயாரித்தார்கள். உன் சமயத்தை எவ்வளவும் புகழலாம், அடுத்தவனுடையதை இழிவுபடுத்தக் கூடாது என்பது கட்டளை. அதுதான் அந்தச் சனலின் உயிர்.

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் அம்மா இந்து நிகழ்ச்சிக்காகக் காத்திருப்பா. அதற்கு முன்னே சீக்கியரின் கீர்த்தனை போகும். ஒரு சொல்லும் விளங்காது, ஆனால் ஆர்மோனியமும் தபேலாவும் கேட்டால் சத்தத்தைக் கூட்டச் சொல்லுவா. கடைசியில் குருத்வாராவுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று நின்றா. முந்தானையால் தலையை மூடி, நிலத்தில் சப்பாணி கட்டியிருந்து, ரொட்டியும் பருப்பும் வாங்கிச் சாப்பிட்டா. பரிமாறிய கிழவி இன்னும் ஒரு ரொட்டி வைக்க, இவ வேண்டாம் என்று தமிழில் சொல்ல, அவ பஞ்சாபியில் ஏதோ சொல்லிச் சிரிக்க, இரண்டு பேரும் வெகுநேரம் கதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

தனிச் சனல் எத்தனை வந்தாலும் இது நடக்காது, மச்சான். தன் முறைக்குக் காத்திருக்கிறவர் கண்ணில்தான் மற்றவரின் வழிபாடு படும்.

1993இல் ஒரு மதத்துக்கென்றும் உரிமம் கொடுக்கத் தொடங்கினார்கள், மாற்றுக் கருத்துக்கும் இடம் விட வேண்டும் என்ற நிபந்தனையோடு. விஷன் ரீவி 2010இல் சூமர்மீடியாவின் கைக்குப் போனது. வயது போனவர்களை நோக்கி நடத்தும் நிறுவனம், அதனால் பின்னேரங்களில் பிரித்தானிய நாடகங்கள் ஓடும். கத்தோலிக்கரின் தினப் பூசை இன்னும் வருகிறது. ஆனால் இப்போது அவரவர் கைபேசியில் அவரவர் சாமி. அது எனக்கு உண்மையிலேயே கவலை.

ஆகையால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வானொலியில் அந்தோனியார் கோயில்காரருக்கும் ஐந்துசந்திப் பள்ளிவாசல்காரருக்கும் கிழமைக்கு அரை மணி நேரம் கொடுக்கச் சொல்லிக் கதைத்துப் பார். நடு இரவில் ஒதுக்க வேண்டாம், தேவாரம் போகிற நேரத்துக்குப் பக்கத்திலேயே கொடுக்கட்டும். தர்மகர்த்தாக்கள் என்ன சொன்னார்கள் என்று மறக்காமல் எழுது. கருவி வாங்கக் காசு தட்டுப்பட்டால் அதையும் எழுது, நாங்கள் இங்கே சேர்த்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
ராசன்