இந்த வாரப் படம்: லா கிரான் ஃபினால்

நண்பர்களே, இந்த வாரம் 'லா கிரான் ஃபினால்' (2006). இயக்கம்: ஹெரார்டோ ஒலிவாரஸ்.

2002 உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம், ஜெர்மனி–பிரேசில். மங்கோலிய நாடோடிகள், சஹாராவின் துவாரெக் மக்கள், அமேசான் காட்டுப் பழங்குடிகள். மூன்று கூட்டத்துக்கும் ஒரே கவலை: அந்த ஆட்டத்தைப் பார்க்க டிவிக்கு எங்கே போவது, கரண்டுக்கு என்ன செய்வது? அந்தப் பாடுதான் கதையே. யாரையும் மட்டம் தட்டாமல் சிரிக்க வைக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஜப்பானின் யோகோஹாமாவில் பிரேசில் 2-0 என ஜெயித்ததும், இரண்டு கோலும் ரொனால்டோ போட்டதும் ஊரறிந்த சங்கதி. ஆனாலும் பதற்றம் தொற்றிக்கொள்ளும்.

ஞாயிறு இரவுக்குள் பார்த்துவிடுங்கள். அதுவரை குழுவில் யாரும் கதையை உடைக்க வேண்டாம். (போன முறை உடைத்தவருக்கே சொல்கிறேன்!)