ஃபிக்டேயின் 'நான்' எது?

அன்புள்ள நண்பா,

கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்து மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். அதுவும் எடுத்த எடுப்பில் ஜெர்மன் தத்துவஞானி ஃபிக்டே! "உலகத்தையே 'நான்' படைக்கிறது என்கிறாரே மனுஷன், இதென்ன கூத்து?" என்று கேட்டிருக்கிறாய். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் 'அறிவுக் கோட்பாடு' பற்றிய அவருடைய 1794-95 நூலில் தொடங்கினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். யேனா பல்கலைக்கழகத்தில் பாடம் நடக்க நடக்க, மாணவர்களுக்காகப் பகுதி பகுதியாக அச்சிட்டது அது. விளக்கமெல்லாம் வகுப்பறையோடு போய்விட்டது. நமக்கு மிஞ்சியது எலும்புக்கூடு.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1762-ல் சாக்சனியில் ஒரு நாடா நெசவாளியின் மகனாகப் பிறந்தவர். ஒரு பிரபுவின் தயவில் படித்தார்; உதவி நின்றதும் பட்டம் வாங்காமலே வீட்டு ஆசிரியர் வேலைக்குப் போனார். 1790-ல் லைப்சிக்கில் ஒரு மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகத்தான் தத்துவஞானி காண்ட்டைப் படித்தார். அதுவரை எல்லாம் காரண காரியச் சங்கிலி, மனித சுதந்திரம் வெறும் மயக்கம் என்று நம்பியவரை, காண்ட்டின் இரண்டாம் விமர்சனம் (ஒழுக்கத்தையும் சுதந்திரத்தையும் பற்றிய நூல்) புரட்டிப் போட்டது. அடுத்த ஆண்டே கோனிக்ஸ்பெர்க் போய் காண்ட்டைப் பார்த்தார். கையில் காசில்லாமல் கடன் கேட்டபோது, கடனுக்குப் பதில் அவருடைய கைப்பிரதிக்குப் பதிப்பாளரைக் காட்டினார் கிழவர். 1792-ல் அது ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவர, காண்ட்டே எழுதியது என்று பலரும் புகழ்ந்தார்கள். "நான் எழுதவில்லை, ஃபிக்டே எழுதியது" என்று காண்ட் அறிவித்ததும் புகழ் இவர் பக்கம் வந்தது. கடனைக் கொடுத்திருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ!

இனி விஷயம். காண்ட் 'தன்னிலைப் பொருள்' என்று ஒன்றை விட்டுவைத்தார்: நாம் அறியவே முடியாதது, ஆனால் நம் உணர்வுகளுக்கு மூலம். அது இல்லாமல் காண்ட்டின் அமைப்புக்குள் நுழைய முடியவில்லை, அதை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கவும் முடியவில்லை என்று அக்காலச் சிந்தனையாளர் யாக்கோபி 1787-லேயே குத்திக்காட்டினார். காண்ட்டின் வழிவந்த ரைன்ஹோல்ட் எல்லாவற்றையும் 'மனத்தில் தோன்றும் படிமம்' என்ற ஒரே உண்மையிலிருந்து வருவிக்கப் பார்த்தார்; ஐயவாதி ஷூல்ட்ஸே அதையும் உடைத்தார். ஷூல்ட்ஸேயின் நூலுக்கு ஃபிக்டே எழுதிய மதிப்புரையில்தான் திருப்பம். அடித்தளம் ஏற்கெனவே நடந்து முடிந்த ஓர் உண்மையாக இருக்க முடியாது. அது ஒரு செயலாகத்தான் இருக்க வேண்டும் என்றார்.

அந்தச் செயல் எது என்பதை வகுப்பில் அவர் செய்துகாட்டிய விதம் பிரபலம். "சுவரை நினையுங்கள்" என்பார். மாணவர்கள் நிமிர்ந்து சுவரைப் பார்ப்பார்கள். "இப்போது சுவரை நினைத்தவரை நினையுங்கள்" என்பார். அங்கேதான் தடுமாற்றம். நீயும் செய்து பார். சுவரை நினைத்தவனை நினைத்தால் அவனும் ஒரு பொருளாகி எதிரே நிற்பான். அவனைப் பார்க்க இன்னொருவன் வேண்டும், அவனைப் பார்க்க மற்றொருவன். இப்படியே போனால் தன்னுணர்வு என்ற ஒன்று எங்குமே தொடங்காது. ஆனால் நமக்குத் தன்னுணர்வு இருக்கிறதே! அப்படியானால் பார்ப்பதும் பார்க்கப்படுவதும் ஒரே செயலாக இருக்கும் இடம் ஒன்று இருந்தாக வேண்டும். அதுதான் அவருடைய 'நான்'. உன் பெயரும் பென்ஷனும் உள்ள 'நான்' அல்ல.

பிறகு மூன்று படிகள். 'நான்' தன்னை நிறுவுகிறது. அதற்கு எதிராக 'நானல்லாதது' நிறுவப்படுகிறது. இரண்டும் முழுமையாக நின்றால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே இரண்டும் பங்குபட்டு, ஒன்றையொன்று வரம்பிடுகின்றன. அறிவு இந்த மூன்றாம் படியில்தான் தொடங்குகிறது. நீ சிக்கிக்கொண்டதும் இங்கேதான். வரம்பு இருக்கிறது என்பதை 'நான்' இட்டுக்கட்டவில்லை. வெளியே பாயும் அதன் செயல் ஏதோ ஒரு தடையில் முட்டித் திரும்புகிறது. அந்தத் தடையை ஒரு 'பொருள்' என்று விளக்கிக்கொள்வது மட்டுமே அதன் வேலை. முட்டாவிட்டால் தன்னைப் பற்றிய உணர்வுகூட அதற்கு வராது.

அதனால்தான் சொல்கிறேன், அத்வைதத்தோடு முடிச்சுப் போட்டுவிடாதே. அங்கே ஆத்மா செயலற்ற சாட்சி, வரம்பு அவித்தை. இங்கே செயலைத் தவிர 'நான்' என்று தனியாக ஒரு வஸ்துவே கிடையாது, வரம்பு இல்லாமல் அறிவும் கிடையாது.

கடைசியில் காண்ட்டே 1799-ல், இது நிற்காத அமைப்பு, வெறும் தர்க்கம் என்று பகிரங்கமாகக் கைகழுவிவிட்டார். அதே ஆண்டு நாத்திகக் குற்றச்சாட்டில் யேனா வேலையும் போனது. கண்டித்தால் ராஜினாமா செய்வேன் என்று இவரே கடிதம் எழுதி மாட்டிக்கொண்டதும் அதில் உண்டு, பிடிவாதக்காரர். பிறகு பெர்லின், அங்கே புதிய பல்கலைக்கழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ரெக்டர் (பல்கலைக்கழகத் தலைவர்). 1814 ஜனவரியில் டைஃபஸ் கொண்டுபோயிற்று. போரில் காயம்பட்டவர்களைக் கவனித்த மனைவியிடமிருந்து தொற்றியது, மனைவி பிழைத்துக்கொண்டார்.

நீ செய்ய வேண்டியது: 1794 நூலை மூடி வை. அதே கோட்பாட்டுக்கு 1797-ல் எழுதிய முதல் முன்னுரையை எடு, சின்னதுதான். அடுத்து இரண்டாம் முன்னுரை, அதன்பின் 'புதிய விளக்க'த்தின் முதல் அத்தியாயம்; மேலே சொன்ன முடிவில்லாச் சங்கிலி அங்கே தெளிவாக வரும். 1804 சொற்பொழிவுகள் பக்கம் இப்போதைக்குப் போகாதே. அது வேறு மொழி, வேறு மூச்சு. முதல் முன்னுரையில் எந்தப் பத்தியில் நிற்கிறாய் என்று எழுது, அங்கிருந்து பேசலாம். கண்ணுக்குச் சொட்டு மருந்தை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் நண்பன்