வாய்க்கால் கட்டு

தம்பிக்கு,

வயலை விதைக்கப் போகிறேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் "உங்கட விருப்பம் அண்ணா" என்பாய். ஒன்பது வருடமாக அந்த ஒரே பதில்தான். 2016இல் காணி கைக்கு வந்ததிலிருந்து அது நாணலும் தொட்டாற்சுருங்கியுமாகக் கிடக்கிறது. பக்கத்து வயல்காரர் நெல் வெட்டி, விற்று, மகளுக்குக் கல்யாணமும் செய்துவிட்டார்.

இதைத் தனியாகவே எழுதியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் நாலு தடவை அடித்து அழித்தேன். நீ மேடையில் பேசியது பொதுவில் கிடக்கிறது, இதுவும் கிடக்கட்டும்.

அந்த வீடியோவை எனக்கு ஏழு பேர் அனுப்பினார்கள். மிதிவெடித் தடை ஒப்பந்தத்துக்குப் பேர் கொடுத்த ஒட்டாவாவிலேயே கோட் போட்டுக்கொண்டு பேசுகிறாய். 1997 டிசம்பரில் 122 நாடுகள் அங்கே கையெழுத்திட்டதையும், அந்த வருட நோபல் பரிசு ஜோடி வில்லியம்சுக்கும் அவருடைய இயக்கத்துக்கும் போனதையும் தடுமாறாமல் சொன்னாய். அம்மா இருந்திருந்தால் திரும்பத் திரும்பப் போடச் சொல்லியிருப்பார்.

ஆனால் 'கண்ணிவெடி' என்றே சொல்லிக்கொண்டிருந்தாயே, எப்போதிருந்து? நமக்கு அது மிதிவெடி. ஒப்பந்தமும் அந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. ஆள் மிதித்தோ தொட்டோ கிட்டப் போயோ வெடிப்பதைத்தான் அது தடை செய்கிறது. வாகனத்துக்கென்று புதைப்பதும், ஒருவன் மறைந்திருந்து வெடிக்க வைப்பதும் அதில் சேராது. அங்கே வக்கீல்கள் ஒரு பத்தி எழுதிச் சொன்னதை நம் ஊர்க் கிழவிகள் ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள்.

அப்புறம், அதை யார் வைத்தது என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னாய். கைதட்டினார்கள். தம்பி, அன்று ஆஸ்பத்திரியில் நீ மயக்கத்தில் இருந்தாய். உன் காலிலிருந்து எடுத்ததை வெள்ளைத் தட்டில் பார்த்தவர்கள் நானும் அம்மாவும். நம் பக்கம் புதைந்திருந்தவற்றில் இராணுவத்துக்குப் பிளாஸ்டிக்கில் வந்த பாகிஸ்தான் தயாரிப்பு பி-4 உண்டு, புலிகள் பலகையில் செய்த ஜொனியும் உண்டு. தட்டில் எது இருந்தது என்று இங்கே எழுதமாட்டேன். வாசிப்பவர்களில் இரண்டு விதமானவர்கள் இருக்கிறார்கள், இரண்டு விதத்தாரும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். 2002இல் அந்த ஒப்பந்தத்தில் இலங்கையும் சேர்ந்திருக்கவில்லை. அரசு அல்லாதவர்களுக்கு அதில் கையெழுத்துப் போட இடமே இல்லை. அவர்களிடம் தனியாக வாக்குறுதி வாங்கவென்று 2000இல் ஜெனீவாவில் ஓர் அமைப்பு தொடங்கினார்கள், அங்கும் நம் ஊரின் பேரில் யாரும் ஒப்பமிடவில்லை. இதோடு நிறுத்துகிறேன்.

சொல்ல வந்தது வேறு.

போர்நிறுத்தம் வந்து எட்டு மாதம். ஒக்டோபர், முதல் மழை பெய்து இரண்டு நாள். சிவலை மாடு வரவில்லை என்று அம்மா விடியற்காலையிலேயே புலம்பத் தொடங்கிவிட்டார். போக வேண்டியவன் நான். பத்தொன்பது வயது, நித்திரை. "வாய்க்கால் கட்டால போ, நான் முந்தாநாள் போனனான், ஒண்டுமில்லை" என்று பாயில் கிடந்தபடியே சொன்னேன்.

நான் போகவில்லை, தம்பி. முந்தாநாள் அந்தக் கட்டில் பாதித் தூரம்தான் போனேன். மருதமரத்தடியில் நின்றேன், அதற்கு அப்பால் புல் ஆள் உயரத்துக்கு நின்றது. பயமாக இருந்தது, திரும்பிவிட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. பயந்தேன் என்று எப்படிச் சொல்வது?

மற்றவர்களும் மாடு சாய்க்க அந்தப் பக்கம் போய்வந்தார்கள்தான். மாடு மேய்ந்த இடம் பிழையில்லை என்றுதான் ஊரே நம்பியது. இதையெல்லாம் 23 வருடமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். உனக்கும் ஒருமுறை சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு ஓடி வந்தவன் மருதமரத்தடியில் மறுபடியும் நின்றேன். நீ கத்தவில்லை. "அண்ணா, செருப்பைக் காணேல்லை" என்றாய். ஈர மண்ணில் உன் காலடிகள் பதிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் என் காலை வைத்து வந்தேன். உனக்குப் பதினாலு வயது, சின்னக் கால். என் பெருவிரல் ஒவ்வொரு அடியிலும் உன் தடத்துக்கு வெளியே நின்றது. அந்த வெளியே நின்ற விரலைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன், உன்னைப் பார்க்கவில்லை. திரும்பும்போது நீ என் தோளில். தடம் பார்க்க முடியவில்லை, ஓடினேன்.

தடைமுகாமில் துவக்கோடு நின்றவனுக்கு உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ட்ராக்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். 'அம்மே' என்றான், தடியைத் தூக்கினான். பிறகு மூதூர் இறங்குதுறை, லோஞ்ச், கொட்டியாரக்குடா. கிண்ணியாப் பாலம் ஏது அப்போது? கடலில் வரும்போது என் சாரத்தைச் சுற்றி உன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சாரம் முதலில் நீலமாக இருந்தது.

சிவலை அன்று மத்தியானம் தானாக வந்துவிட்டது. அடுத்த கிழமை அம்மா அதை விற்றார்.

"அண்ணாதான் உள்ள வந்து தூக்கினவர்" என்று அந்த மேடையிலும் சொன்னாய். ஊரிலும் அதே பேச்சு. அந்தப் பேரை வைத்துத்தான் எனக்குப் பெண்ணே தந்தார்கள். ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொள்வேன், அடக்கம் என்று நினைப்பார்கள்.

பிறகு காணி துப்பரவு செய்ய வந்தவர்களில் கிளிநொச்சிப் பெண் ஒருவர் இருந்தார். முகக் கண்ணாடியும் கனத்த அங்கியும் போட்டு, ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் இருந்து, மண்ணைப் பல் துலக்குவதுபோல் கிளறிக்கொண்டு போவார். வெயிலுக்கு அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர். வாய்க்கால் கட்டில் இன்னும் நாலு மிதிவெடி எடுத்தார்கள். ஒன்று இருந்த இடத்தைச் சிவப்புத் தலைத் தடியால் காட்டினார். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கம், ஒரு சாண் தள்ளி. அன்றிரவு உனக்குப் போன் எடுத்தேன், நினைவிருக்கிறதா? மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

நீயும்தான் என்ன! யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தில் ரப்பர்ப் பாதம் பூட்டிய நாளில் அங்கிருந்தவர் என்ன சொன்னார்? சப்பாத்தில்லாமல் சேற்றில் இறங்கலாம், வயல் வேலைக்கு இதைப்போல் ஒன்றில்லை என்றார். நீ ஒரு நாளாவது இறங்கினாயா? போய்விட்டாய். அம்மாவின் கடைசி மூன்று வருடம் காசு அனுப்பினாய், இல்லை என்று சொல்லவில்லை. படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டது காசு இல்லை. சில நாள் உன் மேல் பொறாமைகூட வந்திருக்கிறது, காலை இழந்தவன் மேல்! எழுதிவிட்டேன், அழிக்கவில்லை.

2025இல் லித்துவேனியா, லட்வியா, எஸ்டோனியா, பின்லாந்து, போலந்து ஐந்தும் ஒப்பந்தத்தை விட்டு விலக முடிவெடுத்தன. ரஷ்யாவை நினைத்துப் பயம். நீ மேடையில் 'வெட்கம்' என்றாய். என்னால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. பயந்தவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். தன் பயத்தை ஓரிடத்தில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வான், வேறொருவன் வந்து மிதிப்பான். இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. 2028 ஜூனுக்குள் முழுவதும் எடுத்து முடிக்கவேண்டுமாம். நாட்டுக்குக்கூட ஒரு தவணை போட்டிருக்கிறார்கள்.

உன் மகன் இதைக் கூகுளில் மொழிபெயர்த்து வாசிக்கக்கூடும். வாசிக்கட்டும். பெரியப்பா நல்லவரா என்று கேட்டால் நீயே ஏதாவது சொல்லு.

உன் பங்கு நெல் உனக்குத்தான். வேண்டாம் என்றால் கோயிலுக்குக் கொடுக்கிறேன், விற்று என் மடியில் கட்டமாட்டேன். நேற்று தனியாக வாய்க்கால் கட்டால் போனேன். மருதமரம் பட்டுவிட்டது, அடிக்கட்டை மட்டும் நிற்கிறது. அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அப்பால் கடைசி வரைக்கும் நடந்தேன்.

இரண்டு மூட்டை விதைநெல் ஊறப் போட்டிருக்கிறேன். திட்டுவதென்றால் போன் எடுத்துத் திட்டு. இங்கே இரவு எட்டு மணிக்குப் பிறகு எடு, வயலில் சிக்னல் இல்லை.

அண்ணா