முயல் கூண்டுத் தரை: ஞாயிறு காலை கூடுகிறோம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொடைக்கானல் குளிரை முயல்கள் தாங்கிக்கொள்ளும்; ஈரத்தைத்தான் தாங்க மாட்டா. எனவே, வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் முயல் வளர்க்கும் வீட்டினர் அனைவரும் கூண்டுத் தரையைச் சீர்செய்யும் பொருட்டு, அக்டோபர் 12, ஞாயிறு காலை 10 மணிக்குச் சமுதாயக் கூடத்தில் கூடி, மொத்தமாக வாங்கும் வைக்கோலைப் பகிர்ந்துகொள்கிறோம்.

1. எளிதில் கிடைக்கிறது என்பதற்காகப் பைன் மரத்தூளைப் பரப்ப வேண்டாம். நன்கு உலர்த்தப்படாத பைன் தூளிலிருந்து எழும் ஆவி மூச்சுக்குழாயை உறுத்துவதோடு கல்லீரலையும் பாதிக்கக்கூடும். நுண்தூசியோ எந்த மரத்தினுடையதானாலும் தீங்குதான்.

2. பூனைகளுக்கென விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகும் மணல் கூடவே கூடாது. முயல் அதைக் கொறித்தால் குடலில் உப்பி அடைத்துக்கொள்ளும். முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது.

3. வெறும் கம்பிவலைத் தரையில் முயலை விடாதீர்கள். நாய், பூனைக்கு இருப்பதுபோன்ற மெத்தென்ற அடிப்பாதம் முயலுக்கு இல்லை, ரோமம் மட்டுமே உண்டு என்பதால் குதிகாலில் புண் வந்து, ஆறுவதற்கு நெடுநாள் ஆகும். வலையின் மேல் பலகை வைத்து, நாளிதழ் விரித்து, பூஞ்சை பிடிக்காத உலர்ந்த வைக்கோலைத் தடிமனாக இடுங்கள்.

4. நனைந்ததை அன்றன்றே அகற்றுங்கள். குளிருக்காகச் சன்னலை அடைத்துவைக்கும் வீடுகளில் சிறுநீரின் அம்மோனியா தேங்கி மூச்சுநோய்க்கு வழிவகுக்கும்.

5. சாக்குப்பை கொண்டுவரவும்.

உங்கள் வீட்டில் எத்தனை கூண்டுகள், வைக்கோல் தேவையா என்பதை வியாழன் இரவு 8 மணிக்குள் இக்குழுவிலேயே தெரிவிக்க வேண்டுகிறோம்.