காப்பாட்சியர்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அருங்காட்சியக இயக்குநர்கள் பற்றிய தங்கள் கட்டுரையில் கட்டடங்களும் திறப்பு விழாக்களும் நிறைய வந்தன. அந்த நாற்காலிக்கு ஒருவர் எந்த வழியாக வந்து சேர்கிறார் என்பது வரவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

கிரேஸ் மார்லியை எடுத்துக்கொள்வோம். 1935இல் திறந்த சான்பிரான்சிஸ்கோ கலை அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் அவர். வேலைக்குப் போகிறவர்களும் வந்து பார்க்கட்டும் என்று இரவு 10 மணிவரை திறந்துவைத்தவர். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் பெரும் புகழ் பெறுவதற்கு முன்பே, 1945இல், அவருக்குத் தனிக்காட்சி நடத்தி ஓர் ஓவியத்தையும் வாங்கினார். இத்தனை அனுபவத்தோடுதான் 1960இல் தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநராக வந்தார். ஓய்வுக்குப் பிறகும் ஊர் திரும்பவில்லை. 1985இல் தில்லியிலேயே காலமானார்.

பிறகு அதே பதவிக்கு வந்த நம் சி. சிவராமமூர்த்தி, சென்னை அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக, அதாவது சேகரிப்பில் உள்ள பொருள்களை ஆராய்ந்து பராமரிப்பவராக, இருந்தவர். அங்குள்ள அமராவதிச் சிற்பங்களைப் பற்றி 1942இல் வெளிவந்த அவரது நூலைப் புரட்டினால் தெரியும்: கொண்டை, காதணி, ஆயுதம், வண்டி, யாழ் என்று கல்லில் கண்டதையெல்லாம் பிரித்துப் பிரித்துக் கோட்டோவியமாகக் காட்டியிருப்பார். கல்லுக்கு முன்னால் பொறுமையாக உட்கார்ந்த ஒருவரால்தான் அது முடியும்.

இன்றோ தலைமைப் பதவி பல இடங்களில் நிர்வாக அதிகாரிகளுக்குப் போகிறது, சில சமயம் கூடுதல் பொறுப்பாக. அவர்களின் திறமையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோப்பும் நிதியும் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு சின்ன விஷயம்: சிற்றோவியங்கள் இருக்கும் அறை ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று பார்வையாளர்கள் சலித்துக்கொள்வார்கள். காகிதத்தில் தீட்டிய வண்ணத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்துக்கு மேல் கூடாது என்பது பொதுவான அளவு. அதற்கு மேல் போனால் சாயம் வெளுக்கும், வெளுத்தது திரும்பாது. 'விளக்கைக் கூட்டுங்கள்' என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால், முடியாது என்று காரணத்தோடு சொல்ல இயக்குநருக்கே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போகிறவருக்கு அந்தப் பிடிப்பு எப்படி வரும்?

பல காப்பாட்சியர்கள் பதிவேட்டோடும் சேமிப்பறையோடும் பணிக்காலம் முழுவதையும் கழித்து, பெயர் தெரியாமலே ஓய்வு பெறுகிறார்கள். அடுத்த இதழ்களில் அவர்களிடம் பேட்டி எடுத்து வெளியிடுங்கள். இயக்குநர் பதவிக்கு அவர்களில் எத்தனை பேர் பரிசீலிக்கப்படுகிறார்கள் என்ற கேள்வியைப் பண்பாட்டுத் துறையிடமும் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்