சாலாவுக்கு, கம்பளித் தொப்பி விஷயமாக

கானாடுகாத்தான்
ஆடி, வியாழக்கிழமை

அன்புள்ள சாலா,

நலம். நீயும் அண்ணனும் நலம்தானே? உன் முழங்கால், கோத்தகிரிப் பனி, மாடி வீட்டுக்காரரோடு தண்ணீர்ச் சண்டை எல்லாவற்றையும் கடைசியில் விசாரிக்கிறேன். முதலில் சேதி. எங்கள் மகள் தெய்வானைக்குப் பெண் பிறந்திருக்கிறாள். ஆவணியில் வர வேண்டியவள், ஆனி பிறந்ததுமே வந்துவிட்டாள். 32 வாரம்தான். எடை 1.6 கிலோ. பயப்படாதே, இப்போது வீட்டில் இருக்கிறாள், பால் குடிக்கிறாள், நன்றாகவே கத்துகிறாள். போனில் சொல்லியிருக்கலாம். நம் இரண்டு பேருக்கும் போனில் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். நீ ‘ஐயோ’ என்பாய், நான் அழுவேன், மூக்கைச் சிந்திவிட்டு வைத்துவிடுவோம். சேதி பாதிகூடப் போய்ச் சேராது.

அடுத்தது நீ சிரிக்கப் போகிற சேதி. நான் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில், இந்த வெயிலில்.

‘செட்டிநாட்டுக் குளிருக்கு’ என்று சீட்டு எழுதி, உன் கையால் சாயம் போட்ட நாலு சிட்டம் நூல் அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு எங்கள் செட்டியார் கேட்டது: “இதை வைத்து என்ன செய்யப் போறே, முகப்புத் தூணுக்கு மப்ளரா?” பெட்டகத்துக்குள் போய்விட்டது. அங்கேயே கிடந்திருக்கும், அந்த நர்ஸ் மட்டும் “குழந்தைக்குத் தொப்பி கொண்டுவாங்கம்மா” என்று சொல்லாமல் இருந்திருந்தால்.

மதுரையில் பிரசவம். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். வைத்தியம் நல்ல வைத்தியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாய்மார் வார்டில் கட்டிலுக்கு நேர் மேலே ஏசி. அணைக்கச் சொன்னால் பக்கத்துக் கட்டில்காரி புழுங்குகிறது என்கிறாள், போட்டால் தெய்வானைக்குப் பல் கிட்டுகிறது. வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே ஊட்டி. சரி, ஏசிக்காகத்தான் தொப்பி கேட்கிறார்கள் என்று நினைத்தேன். நர்ஸ் பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னாள். ஏசி இல்லாவிட்டாலும் வேண்டுமாம். பிறந்த குழந்தையின் உடம்புச் சூடு 36.5க்கும் 37.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்கிறது, பச்சைக் குழந்தைக்கு அந்த நடுக்கம் வராது. அதற்குப் பதிலாக எரிந்து சூடு தருகிற ஒரு தனிக் கொழுப்பு இருக்கிறது. அது கடைசி மாதங்களில்தான் சேரும். முந்தி வந்தவளிடம் அது ஏது? தலையோ, உடம்பு நீளத்தில் கால்வாசி. நிறையச் சூடு அந்த வழியாகப் போகிறது.

கீழே கடையில் வாங்கிய தொப்பி மூக்கு வரைக்கும் இறங்கியது. ‘நியூ பார்ன்’ என்று எழுதியிருந்தான். எந்தப் பிள்ளையை அளந்தானோ. உள்பக்கத் தையல் வேறு நெற்றியில் கோடு போட்டுவிட்டது. அன்று ராத்திரியே செட்டியாரை ஊருக்கு விரட்டி, பெட்டகத்தில் இருந்ததை எடுத்து வரச் சொன்னேன்.

நமக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்த பச்சை டப்பா டீச்சர் இருந்திருந்தால் என்னைப் பார்த்து மயங்கி விழுந்திருப்பார். அந்தக் கிளாஸில் நீ பின்னிய மப்ளர் ஒரு முனை அரை அடி, மறுமுனை ஒன்றேகால் அடி. நான் அதுவும் முடிக்கவில்லை. ஆனால் கைக்கு மறக்கவில்லையடி. ஊசியைப் பிடித்ததும் நிட், பர்ல் என்ற இரண்டு கண்ணியும் தானாக வருகிறது, மூளை பிறகுதான் வருகிறது.

சிட்டத்தைக் கண்டாக, அதாவது உருண்டையாகச் சுற்றுவதற்குள்தான் ஒரு குடும்பச் சண்டை. செட்டியாரை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து, இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, சிட்டத்தை மாட்டிவிட்டேன். 100 கிராம், 400 மீட்டர் நூல். பாதியில் மூக்கு அரிக்கிறது என்கிறார். கையை எடுத்தால் சிக்கு விழும் என்று நான் அதட்ட, வார்டுக்கு வந்த அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். எந்த அதிகாரிக்கும் பணியாத மனிதர், அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் நானே சொறிந்துவிட்டேன். போட்டோ எதுவும் இல்லை, கேட்காதே.

உன் நூல் நாலு ப்ளை. 3 மில்லிமீட்டர் ஊசியில் பத்து சென்டிமீட்டருக்கு 28 கண்ணி வருகிறது. குழந்தையின் தலைச் சுற்றளவு 29. தொப்பி அதைவிட மூன்று சென்டிமீட்டர் சின்னதாக இருந்தால்தான் கவ்விப் பிடிக்கும். 72 கண்ணி போட்டேன். விளிம்புக்கு இரண்டு நிட், இரண்டு பர்ல். உச்சியில் ஒன்பது ஒன்பதாக எட்டுப் பங்கு வைத்து, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று பங்குக்கு ஒரு கண்ணி குறைத்துக்கொண்டே போனால் எட்டில் வந்து நிற்கும், நூலை உள்ளே கோத்து இழுத்தால் முடிந்தது. 72 நாலாலும் போகும் எட்டாலும் போகும் என்பதில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் செட்டியாரிடம் சொன்னேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கையுறைக்குக் கட்டைவிரல்கூட வேண்டாம், சின்னப் பை மாதிரி பின்னினால் போதும். நகத்தால் முகத்தைக் கீறிக்கொள்ளாமல் இருக்கத்தான் அது. இதில் ஒரு விஷயம் கேள். உள்பக்கம் தொங்குகிற நூல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. விரலில் சுற்றி இறுகிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும், குழந்தை ஏன் அழுகிறது என்றே தெரியாது. பூப்போட்டுப் பின்னினால் உள்ளே நூல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும், அதனால் அது கூடாது. உன் கைச்சாய நூலின் அருமை அங்கேதான் தெரிந்தது. ஒரே நூலிலேயே பச்சை வந்து, மஞ்சள் வந்து, மண் நிறம் வந்து போகிறது. வெளியே பூப்போட்ட மாதிரி இருக்கிறது, உள்ளே வெறும் நூல். ஒரே தொல்லை, சுற்று சின்னதாக இருப்பதால் ஒரு நிறம் ஒரே பக்கமாகக் குவிந்து திட்டுத் திட்டாக நிற்கிறது. இரண்டு கண்டு வைத்துக்கொண்டு சுற்றுக்கு ஒன்றாக மாற்றிப் பின்னினேன், சரியாகிவிட்டது.

இப்போது புகார். அந்த நீலம். அவுரியில் முக்கினேன் என்று பெருமையாக எழுதியிருந்தாயே, ஈரத் துணியால் அழுத்தினேன், துணி நீலம். என் விரல் நீலம். அவுரி நூலுக்குள் முழுக்க இறங்காது, மேலாக உட்காரும், உரசினால் வரும், தெரியும். ஆனால் கையுறையை வாயில் வைத்துச் சப்புகிற ஜாதிக்கு அதைக் கொடுக்க முடியுமா? நீலத்தைத் திரும்பப் பெட்டகத்திலேயே வைத்துவிட்டேன். வினிகர் ஊற்றிச் சூடாக்கிச் சாயம் போட்டாயே, அந்தப் பச்சையும் ரோஜாவும் சொட்டுக்கூட விடவில்லை. அதில் உனக்கு நூற்றுக்கு நூறு. என் நாத்தனார் “மஞ்சள்லயே முக்கலாமே, மங்களமா இருக்கும்” என்றார். சோப்பு பட்டால் அத்தனையும் ஆரத்தித் தண்ணீராகச் சிவக்கும் என்றேன். கோபித்துக்கொண்டார்.

இதுவரை எழுதியது தொப்பி. இனி எழுதப் போவதை அண்ணனிடம் வாசித்துக் காட்டாதே.

பார்க்க வந்த ஓர் ஆச்சி, யார் என்று நீயே கண்டுபிடித்துவிடுவாய், கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்: “ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காதும்பாக.” தெய்வானை விழித்துத்தான் இருந்தாள். நான் அந்த அம்மாளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதானே. வட்டிக் கணக்கில் ஒரு பைசா விடாத ஊரில், ஏழைவிட எட்டு பெரிது என்று தெரியாதா? டாக்டர் அடித்துச் சொன்னார், வயிற்றில் இருக்கிற ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம், எட்டாம் மாதத்துக்கு என்று தனிச் சாபம் எதுவும் கிடையாது என்று. இந்தப் பேச்சை நம் அம்மாக்களும் சொல்லியிருக்கிறார்கள், நாமும் தலையாட்டிக் கேட்டிருக்கிறோம். எத்தனை பெண்கள் இதைக் கேட்டுவிட்டுப் பிள்ளையிடமிருந்து மனசை எடுத்து வைத்திருப்பார்களோ.

என் மகள் அதைத்தான் செய்தாள், சாலா. பாலைப் பீய்ச்சிக் கொடுப்பாள். குழந்தையைப் பார்க்க வா என்றால் தலை வலிக்கிறது என்பாள். மாப்பிள்ளை வீடியோவில் வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். பேர் என்ன வைக்கலாம் என்று யாரோ கேட்டதற்கு, “இப்ப என்ன அவசரம்” என்றாள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நம் செல்லம்மை விஷயம் நினைவுக்கு வந்தது. உனக்கும் வரும், அதனால் மேலே எழுதவில்லை.

டாக்டர்தான் வழி சொன்னார். கங்காரு முறை. குழந்தைக்கு நாப்பியும் தொப்பியும் காலுறையும் மட்டும் போட்டு, தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் ஒட்டி வைத்துக் கட்டிவிடுவது. கொலம்பியா நாட்டுப் போகோட்டாவில் 1978ல் ஆரம்பித்ததாம். இன்குபேட்டர் போதாமல் என்ன செய்வது என்று திண்டாடிய எட்கர் ரே என்ற டாக்டர் செய்து பார்த்தது. இப்போது உலக சுகாதார நிறுவனமே ஒரு நாளைக்கு 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை அப்படி வைத்திருக்கச் சொல்கிறது. மிஷினை நம்புகிற மனசுக்கு இது புரியவே நேரமாகிறது. தாயின் உடம்பே குழந்தைக்குச் சூடு கொடுக்கும், தலை மட்டும்தான் வெளியே, அதற்குத்தான் தொப்பி.

தெய்வானை முடியாது என்றாள். கை நடுங்குகிறது, கீழே போட்டுவிடுவேன் என்றாள். நர்ஸ் எதையும் கேட்காமல் கொண்டு வந்து வைத்துக் கட்டிவிட்டாள். நான் அப்போதுதான் முடித்திருந்த தொப்பியை மாட்டினேன். ரொம்ப நேரம் தெய்வானை அசையவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பிறகு குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஆத்தா, இந்தப் பச்சை பார்க்கச் சகிக்கலை. என் பிள்ளைக்கு அந்த ரோஸ்ல பின்னு.”

என் பிள்ளை என்றாள். எனக்கு அது போதும். உன் பச்சையை அவமானப்படுத்தினாள் என்று வருத்தப்படாதே, எனக்கும் அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, கொஞ்சம் கொத்தவரங்காய் நிறம்.

அதற்குப் பிறகு பிள்ளையை இறக்கி வைக்கச் சொல்வதுதான் பெரும்பாடு. மாப்பிள்ளை விமானம் ஏறி வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, அவரும் கட்டிக்கொண்டார். அப்பாவும் செய்யலாமாம். செட்டியார் அதைப் பார்த்துவிட்டு “எங்க காலத்துல…” என்று ஆரம்பித்தார். உங்கள் காலத்தில் நீங்கள் பிள்ளையைத் தூக்கியதே அன்னப்பிராசனத்தன்றுதான் என்றேன். அடங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு என் தொப்பிகளுக்கு மவுசு குறைந்துவிட்டது. தனியாகத் தொட்டிலில் தூங்கும்போது தொப்பி போடவே கூடாதாம். சூடு ஏறிவிடும், முகத்தில் நழுவினால் மூச்சும் முட்டும். நெஞ்சோடு வைத்திருக்கும்போது மட்டும் போதும். கையுறையும் எப்போதும் கூடாது, கையைச் சப்பித்தான் பசியைச் சொல்லுமாம். அப்புறம் எதற்கு இத்தனை பின்னினாய் என்று கேட்கிறாயா? வார்டில் மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்களே. நான் பின்னுவதைப் பார்த்து ஒரு சிவகங்கைப் பெண் கேட்டாள், அப்புறம் ஒரு மேலூர்ப் பெண். நர்ஸ் ஒரு டப்பாவே வைத்துவிட்டாள். செட்டியார் மதுரைக்குப் போகும்போதெல்லாம் கொடுத்துவிடுகிறேன்.

அதனால் எனக்கு நூல் வேண்டும். கவனமாகப் படி. சூப்பர்வாஷ் கம்பளி மட்டும், துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்தியது. வார்டில் துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கிறார்கள். சாதாரணக் கம்பளி இழையில் செதில் செதிலாக இருக்கும், சூடும் சோப்பும் தேய்ப்பும் சேர்ந்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும். உன் மண் நிற நூலில் ஒரு துண்டு பின்னிச் சுடுதண்ணீரில் கசக்கிப் பார்த்தேன், பாதியாகி அட்டை மாதிரி ஆகிவிட்டது. அது வீட்டுக்கு மட்டும். பருத்தியும் பார்த்தேன், இழுவை இல்லை, தொப்பி தலையில் நிற்காமல் வழுக்குகிறது. நாலு ப்ளை, சூப்பர்வாஷ், வினிகர்ச் சாயம், தண்ணீர் தெளிகிற வரை சூடாக்கு. அவுரி வேண்டாம். பச்சை வேண்டாம். பணம் அனுப்புவேன், ‘உனக்கும் எனக்கும் என்ன கணக்கு’ என்று நாடகம் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அங்கே வந்தால் சாண்டிநல்லா ஆட்டுப் பண்ணைக்குக் கூட்டிப் போ, நீலகிரி ஆட்டின் கம்பளியை ஒரு தடவையாவது கையில் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பிள்ளைக்குப் பேர் உமையாள். தெய்வானையே வைத்தாள். இப்போது 2.3 கிலோ. ஆடிக் கும்மாயம் இந்த வருஷம் கிண்டவில்லை, நீ புரட்டாசியில் வந்தால் கிண்டுகிறேன். முழங்காலுக்கு என்ன தைலம் போடுகிறாய்? அண்ணனுக்குச் சர்க்கரை எவ்வளவு? மாடி வீட்டுக்காரர் விஷயத்தில் நீ சொல்வதுதான் நியாயம், ஆனாலும் குழாயை அடைத்தது அதிகம். நூலைக் கூரியரில் போடு, தபாலில் போட்டால் மழையில் நனைந்துவிடும்.

உன்,
வள்ளி