பால் வடியும் இடைவேளை

குலசேகரம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மகனுக்கு,

சிகரெட்டை விட்ட 19-ஆம் நாள் நண்பனின் திருமண விருந்தில் ஒன்றைப் பற்றவைத்துவிட்டதாகவும், இனி உன்னால் முடியாது என்று தோன்றுவதாகவும் நீ சொன்னதை உன் அம்மையிடம் நான் சொல்லவில்லை. போனில் பேசினால் கோபப்பட்டுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

நிகோடின் உடம்பில் நெடுநேரம் தங்குவதில்லை. ஏறக்குறைய 2 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். விட்ட முதல் 2, 3 நாட்களில் உச்சத்தில் இருக்கும் எரிச்சலும் தவிப்பும் 3, 4 வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்தக் கொடுமையான நாட்களை நீ தாண்டிவிட்டாய், மக்களே. விருந்தில் உன்னை இழுத்தது அந்த இடமும் கூட்டமும்தான்.

நான் பீடியை விட்டபோது நீ தொட்டிலில் கிடந்தாய். வெயில் ஏறுமுன் பட்டையைக் கீறி வெட்டினால்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடியும் என்பதால், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே இறங்குவேன். கடைசி மரத்தையும் வெட்டிய பிறகு, சிரட்டைகளில் பால் சேரும் வரை தோட்டத்து நடுப்பாறையில் காத்திருப்பேன். வெட்டும்போது ஒரு முறைகூட நினைவுக்கு வராத பீடி, பாறையில் உட்கார்ந்ததும் வந்துவிடும். கத்தியைத் துடைத்துக் கீழே வைக்கும்போதே வலது கை தானாக மடியைத் தடவும். பலமுறை விட்டுத் தோற்ற பிறகே இதைக் கவனித்தேன். அன்று முதல் பாறைக்குப் போகாமல், அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து பழங்கஞ்சி குடித்துவிட்டு வாளிகளைக் கழுவினேன். மழையில் வெட்டு இல்லாத நாட்களில் திண்ணையே இன்னொரு பாறையானது வேறு கதை.

புகையை இழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளையை எட்டி, சுகம் தரும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. அப்போது கையிலிருந்த காபி டம்ளரையும் பக்கத்தில் நின்றவனின் பேச்சையும் அந்தச் சுகத்தோடு சேர்த்து மூளை முடிந்துவைத்துக்கொள்கிறது என்பதைப் பின்னாளில் படித்து அறிந்தேன். ஆகவே ஒரு சிறு நோட்டில், ஆசை எழும் ஒவ்வொரு முறையும் மணி என்ன, எங்கே நின்றாய், யார் இருந்தார்கள், பசித்ததா, கோபமா, தூக்கம் போதவில்லையா என்று எழுதி வா. ஒரு வாரத்தில் உன் பாறை எதுவென்று தெரிந்துவிடும். விருந்தில் மது இருந்ததா என்று நான் கேட்கவில்லை. அது உள்ளே போனால் மறுக்கும் மனம் தளரும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆசை எழுந்தால் அதனோடு வாதாட வேண்டாம். பெரும்பாலும் சில நிமிடங்களில் அது தானே இறங்கிவிடும். அதுவரை அந்த இடத்தைவிட்டு நகர்ந்து, தண்ணீரை மெதுவாகக் குடித்து, ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொள். காபியையும் குறை. புகைப்பவர் உடம்பு காபியின் கஃபீனை வேகமாகக் கழித்துவிடும். புகையை நிறுத்திய பின் அதே அளவு காபி படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும், அதை நீ சிகரெட் ஆசை என்றே நினைப்பாய். நிகோடின் சூயிங்கம்மை மருத்துவரிடம் கேட்டு வாங்கு. அதை மிட்டாய் போல மெல்லக் கூடாது; சற்று மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கிவைக்க வேண்டும், அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, டீ ஆகாது. 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

பற்றவைத்தது ஒன்றுதான். "எப்படியும் போயிற்று" என்று பாக்கெட் வாங்கியிருந்தால், மீதியைத் தண்ணீரில் நனைத்து எறிந்துவிடு.

இரவு 10.30-க்கு பால்கனியில் தனியாக நிற்கும்போதுதான் தாங்க முடியவில்லை என்றாய். அந்த நேரத்தில் இனி நானே கூப்பிடுகிறேன். சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்க மாட்டேன். இங்கே மழை பெய்ததா, வெட்டு நடந்ததா என்று மட்டும் சொல்வேன்.

அன்புடன்,
அப்பா